கறை மிடறு

உள்ளங்கையைக் குழாயின் வாயருகே வைத்திருக்கிறேன், வெதுவெதுப்பான மூச்சு விரலிடுக்குகளில் புகுந்து புகுந்து செல்கிறது, குழாயின் புறம் வெள்ளிபோல் மின்ன அதன் அகம் முழுதும் கரி படிந்து கறுத்திருக்கிறது, அந்த வெண்மைக்குள் இந்தக் கருமையைக் காணும்போதெல்லாம் கறைமிடறு என்னும் சொல் அழையாமலே நாவில் வந்து நிற்கிறது, உலகம் பிழைக்க நஞ்சுண்டவனின் கழுத்தை ஒரு காரின் புகைக்குழாயில் காண்கிறவன் என்ன அடியவன் என்று அக்கணமே கூசிப்போகிறேன், கூசிய கை விலகவில்லை, மண்டியிட்டிருக்கிறேன், வேட்டியின் நுனி எண்ணெய் சிந்திய தரையில் தோய்ந்திருக்கிறது, நெற்றியில் நீறு, முழங்காலில் மசகு, செக்கச்செவேலென்று தரையோடு தரையாய்ப் பதுங்கியிருக்கும் இந்த இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் பின்னால் அறுபது கடந்த ஒரு தமிழாசிரியன் இப்படி விழுந்து கிடப்பதைக் காண்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், கண்டுகொண்டுதான் நிற்கிறாள் மரகதம், என் மனைவி, கொட்டகை வாசலில், கையில் காப்பித் தம்ளரோடு, எப்போது வந்தாளோ, அவள் வருவது எனக்குக் கேட்கவில்லை, யார் வருவதும் இப்போது கேட்பதில்லை, நான் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்து, பார்த்த பிறகே வாய் திறக்கிறாள், ஏனுங்க, சாமிக்குத் தீபாராதனை ஆயிருச்சுங்களா, ஆயிருந்தா இந்தக் காப்பியக் குடிங்க, ஆறிப்போகுது, என்கிறாள், சிரிக்கிறாள், என்னால் சிரிக்க முடியவில்லை, கரி படிந்த கையால் தம்ளரை வாங்கிக்கொள்கிறேன், அவள் ஏன் இப்போதெல்லாம் இவ்வளவு மெதுவாக, இவ்வளவு நேர்முகமாக என்னிடம் பேசுகிறாள் என்று ஒருமுறைகூட நான் எண்ணிப் பார்த்ததில்லை.

செவி என்னை விட்டு ஒரே நாளில் போகவில்லை, விடைபெற மனமில்லாத விருந்தாளிபோல் வாசல்வரை போய் நின்று நின்று போயிற்று, முதலில் விடியற்காலைக் குருவிகள் போயின, அவை ஊரை விட்டே போய்விட்டன என்று எண்ணி நான் கைபேசிக் கோபுரங்களைப் பழித்துக்கொண்டிருந்தேன், பிறகு கைத்தாளத்தின் கடைசிச் சிலிர்ப்பு போயிற்று, பிறகு மனிதர் பேச்சிலிருந்து மெய்யெழுத்துகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன, வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் இலக்கணம் சொன்னவனுக்கு வாய்த்த வேடிக்கை அது, வீதியெங்கும் வெறும் உயிர்கள் உலவின, ஆ என்றும் ஓ என்றும் வாய்கள் திறந்து மூடின, தொலைந்த மெய்யைத் தேடி நான் உதடுகளைப் படிக்கப் பழகினேன், மருத்துவர் ஒரு சிறு பொறியைக் கொடுத்தார், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதைச் செவியில் வைத்துப் பாடிப் பார்த்தேன், என் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் வந்தது, கழற்றிச் சவரக் கத்திப் பெட்டிக்குள் ஒளித்தேன், கழுத்தில் உருத்திராக்கமும் காதில் பொறியுமாய்ச் சந்நிதியில் போய் நின்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அது எனக்குத் தெரியும், ஐயா கொஞ்சம் ஓய்வெடுத்துக்கங்க என்று மிகுந்த அன்போடு சொல்வார்கள், அந்த அன்பை நினைத்துத்தான் அஞ்சினேன், ஏனெனில் நொய்யல் கரையில் இருக்கும் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு, விடியலில் நடை திறந்ததும் மணி அடிப்பதில்லை, நாயனம் ஊதுவதில்லை, தவில் தொடுவதில்லை, பேரமைதிக்குள்ளிருந்து ஒற்றை மனிதக் குரல் முதற்பதிகத்தின் முதலடியை எடுக்க வேண்டும், இரண்டாமடியில் உடன் ஓதும் குழுவினர் சேர்ந்துகொள்வர், பதிகம் முடிந்த பிறகே நாயனம் அதே சுருதியில் தொடரும், அந்த முதலடி என்னுடையது, எனக்கு முன் ஓதியவர் மறைந்த நாள்தொட்டு என்னுடையது, எனக்கு மகவு இல்லை, எழுதிய நூல் இல்லை, அந்த ஓரடிதான் உண்டு, இறைவன் ஒவ்வொரு நாளும் முதன்முதலாகக் கேட்பது என் குரல் என்னும் செருக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும், தூணோரம் ஒரு மின்சாரச் சுருதிப் பெட்டி இருக்கும், அதை மட்டும் யாரும் வாத்தியமாகக் கணக்கில் எடுப்பதில்லை, அதன் மெல்லிய இரைச்சலைப் பற்றிக்கொண்டுதான் ஓதுகிறவன் அமைதிக்குள் கால் வைப்பான், ஒருநாள் அந்தப் பற்றுக்கோடு என் கையில் இல்லை.

தம்பி அறவாழி குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது இந்தக் காரை என் கொட்டகையில் நிறுத்திவிட்டுப் போனான், விற்க மனமில்லை, அண்ணா, வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஓடவிடுங்க, பேட்டரி செத்துப்போயிரும் என்று செய்தி அனுப்புவான், நானும் ஏதோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவன்போல் உறையை விலக்கி, ஒருக்களித்து உள்ளே நுழைந்து, ஏறக்குறையப் படுத்தபடி சாவியைத் திருப்புவேன், அந்த ஒரு காலை, குழுவினர் முகத்தில் சிறு சுளிப்பைக் கண்டுவிட்டு வந்து உட்கார்ந்த காலை, ஏதோ எண்ணத்தில் ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல அழுத்துகிறேன், எங்கோ ஓரிடத்தில் இருக்கை விம்முகிறது, அதற்கு முன்னும் இல்லை, அதற்குப் பின்னும் இல்லை, அந்த ஓரிடத்தில் மட்டும் கார் முழுதும் ஒரே நாதமாய்த் திரண்டு என் முதுகெலும்பின் அடியிலிருந்து ஏறி நெஞ்சுக்குழியில் வந்து அமர்கிறது, செவியால் அன்று, எலும்பால் கேட்கிறேன், அது என் ஆதார சுருதி, ஒரு ஸ்தாயி கீழே, ஆனால் அதுவேதான், பிறந்த வீட்டுக் கதவைப்போல் அதை நான் இருட்டிலும் அறிவேன், ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன், பிறகு நிமிர்ந்து யாரேனும் பார்த்தார்களா என்று கண்ணாடியில் பார்த்தேன், பார்த்தது நான்தான், அழுத கிழவனொருவன் சிவப்புக் காருக்குள்.

ஆனால் அந்த விம்மல் மெலிதாக இருந்தது, பனிக்காலையில் அது நழுவியது, ஆகவே உக்கடம் தாண்டிக் குளக்கரையோரம் இருக்கும் கமாலுதீனின் பட்டறைக்குப் போனேன், கல்லூரிப் பையன்கள் வண்டியை நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் இடத்தில் நீறும் வேட்டியுமாய் நின்றேன், அவருக்கு அடிவயிற்றிலிருந்து வரும் கட்டைக்குரல், அதனால் பாதி பேச்சு எனக்குக் கேட்டுவிடும், வாங்க வாத்தியாரய்யா, என்னுங்க, ரேஸுக்கு எறங்கிட்டீங்களா, என்றார், தம்பி கேட்டான் என்றேன், பொய் சொன்ன வாய் கசந்தது, தம்பி ஒன்றும் கேட்கவில்லை, புகைக்குழாயை அகலப்படுத்த வேண்டும், நடுவில் ஓசையை அடக்கும் டப்பாவை எடுத்துவிட வேண்டும், ஓசை குறிப்பிட்ட ஓரிடத்தில் பெருகி நிற்க வேண்டும், இதையெல்லாம் நான் என் விருப்பமாகச் சொல்லாமல் கடல் கடந்திருக்கும் ஒருவனின் விருப்பமாகச் சொல்லிக்கொண்டே போனேன், குழாயின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் மாட்டினார்கள், ஒவ்வொரு முறையும் நான் இருக்கையில் படுத்து ஆக்சிலரேட்டரை அழுத்தி, கண்ணை மூடி, வேண்டாம் என்று தலையசைத்தேன், வெல்டிங் பொறிகள் பறந்தன, கடைசியில் ஒருமுறை அது வந்து அமர்ந்தது, பட்டறையின் தகரக் கூரை நடுங்கும்படி, என் நெஞ்செலும்பு நடுங்கும்படி, கமாலுதீன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு குனிந்து என் முகத்துக்கு நேரே சொன்னார், ஊரெல்லாம் இந்த ஊங்காரத்த எடுத்துக் குடுங்கன்னுதானுங்க எங்கிட்ட வருது, நீங்க ஒருத்தர்தான் வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போறீங்க, உங்க தம்பிக்குக் காது நல்லா கேக்குமுங்களா, என்றார், பையன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன், பிறகு சக்கரங்களையும் மாற்றச் சொன்னேன், அகலமான அலாய் வீல்களும் ஓரம் குட்டையான டயர்களும், பழைய டயர்கள் பஞ்சு மெத்தைபோல் பாதையின் அதிர்வையெல்லாம் தின்றுவிட்டன, எனக்கோ அதிர்வொன்றே செவி, புதியவை எங்கோ துறைமுகத்தில் இருக்கின்றன, வர நாளாகும் என்றார், ஆகட்டும் என்றேன், திரும்பி வரும்போது எங்கள் வீதி முனையில் இரண்டு பேர் பேசிக்கொண்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது, காது போனவனுக்கு இப்படியொரு தண்டனை உண்டு, தொலைவில் காதோடு காதாகச் சொல்வதையும் அவன் உதட்டிலிருந்து படித்துவிடுவான், வாத்தியாருக்குச் சொந்த வயசு போயித் தம்பி வயசு வந்துருச்சாட்ட இருக்குது, எங்கியோ சின்ன வீடு வெச்சுட்டாரோ என்னவோ, என்றார் ஒருவர், மற்றவர் என்ன சொன்னார் என்பதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன்பின் விடியல்கள் எல்லாம் ஒரே விடியலாய் இருக்கின்றன, நீராடுகிறேன், நீறணிகிறேன், நீராடியது முதல் பதிகம் முடியும்வரை மனிதர் எவரையும் தீண்டுவதில்லை என்பது என் நியமம், மரகதத்தையும்கூட, காரை எடுக்கிறேன், தெப்பக்குளத்து முக்கில் திரும்பும்போது மெல்ல அழுத்தத் தொடங்கி, கோயில் மதிலோரம் நிறுத்தி, கியரை விடுவித்து, அந்த ஓரிடத்தில் பாதத்தைப் பதித்து வைக்கிறேன், நாதம் ஏறுகிறது, வாயை மூடிக்கொண்டு அதனோடு ஒன்றி முனகுகிறேன், ஒன்றியதும் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு அந்த முனகலை உதட்டுக்குள் பூட்டிக்கொண்டு நடக்கிறேன், ஒரு சொல் பேசினால் சிந்திவிடும், தீக்கங்கை உள்ளங்கையில் ஏந்தி அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவளைப்போல் கோபுரவாசல் கடந்து கொடிமரம் கடந்து நடக்கிறேன், நாயனக்காரர் சட்டநாதன் வாசலில் வெற்றிலையை அதக்கியபடி, நாயனத்துச் சீவாளியை உதட்டில் நனைத்தபடி நிற்பார், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், என்னைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாய்ச் சிரிப்பார், காரைக் கண்டு சிரிக்கிறார் என்று எண்ணி நான் தலை குனிவேன், பதில் வணக்கம் சொல்லமாட்டேன், யாருக்கும் சொல்லமாட்டேன், இதனால் செருக்கன் என்று பழிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன், நடந்தது அதைவிடக் கொடியது, நான் மௌனவிரதம் பூண்டிருப்பதாக ஊரில் ஒரு பேச்சு எழுந்தது, பூசைக்கு முன் இறைவனோடன்றி எவரோடும் பேசாதவர் என்றார்கள், நான் வரும்போது வழி விட்டார்கள், வாய்மேல் கை வைத்துக்கொண்டார்கள், ஒருநாள் ஓர் இளந்தாய் தன் கைக்குழந்தையை என் காலடித் தரையில் கிடத்தி எடுத்தாள், குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது, காரின் புகைக்குழாயிலிருந்து கடன்வாங்கிய ஓசையை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஒரு முனிவனைப்போல் அந்தக் குழந்தையைக் கடந்துபோனேன், அன்றைக்குப் பாடிய பதிகத்தில் எந்தச் சொல்லும் என்னுடையதாக இல்லை.

அப்போதுதான் அந்தக் கனவு வரத் தொடங்கியது, கனவா நினைவா என்று பிரிக்கத் தெரியவில்லை, கார் கோபுரவாசலுக்குள் நுழைகிறது, திருச்சுற்றின் தூண்கள் இருபுறமும் ஓடுகின்றன, கல்தரையில் டயர்கள் ஓசையின்றி உருள்கின்றன, அம்பலத்தில் ஆடுகிறவன் என் இருக்கையில் அமர்ந்திருக்கிறான், சடை காற்றில் விரிந்து பின்கண்ணாடியை மறைக்கிறது, ஒரு திருவடி தூக்கியபடி இருக்க, ஊன்றிய திருவடிக்குக் கீழே முயலகன் கிடக்க வேண்டிய இடத்தில் ஆக்சிலரேட்டர் இருக்கிறது, அவன் அழுத்துகிறான், அந்த ஓரிடத்தில், அண்டம் விம்முகிறது, நான் பின்னால் ஓடிவருகிறேன், ஐயனே, அது என் தம்பியின் கார் என்று கத்துகிறேன், அவன் திரும்பி ஏதோ சொல்கிறான், உதடு அசைகிறது, படிக்க முடியவில்லை, புகை மறைக்கிறது, விழிக்கும்போது மரகதத்தின் கை என் நெஞ்சின்மேல் இருக்கிறது, என்னுங்க, கார் ஓட்டுனீங்களா, என்கிறாள் விளக்கைப் போட்டுவிட்டு, முகம் எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே விளக்கைப் போட்டாள் என்பதையும் நான் அப்போது எண்ணவில்லை.

மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள் அலாய் வீல்கள் வந்துவிட்டன என்று செய்தி வந்தது, ஆண்டின் அந்த ஒரு விடியலில்தான் ஆடல்வல்லான் வெளியே எழுந்தருள்வான், ஆயிரக்கணக்கில் கூடுவார்கள், அந்த முதலடி நடுங்கக் கூடாது, ஆகவே பட்டறைக்கு விரைந்தேன், ஜாக்கியில் உயர்ந்து நின்ற கார் நான்கு கால்களும் இழந்த குதிரைபோல் இருந்தது, புதிய சக்கரங்கள் ஒவ்வொன்றாய் ஏறின, அகன்று, கறுத்து, நட்சத்திரம்போல் ஆரம் விரித்து, அழகாகத்தான் இருந்தன, அழகு என்று மனம் சொன்னதும் அதற்கும் கூசினேன், கமாலுதீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என் எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார், தணிந்த குரலில் சொல்ல வேண்டிய செய்தியை என் பொருட்டு உரக்கச் சொன்னார், ஐயா, நான் சொன்னாத் தப்பா எடுத்துக்கக் கூடாது, நாளைக்கு உங்க திருநாளு, அத்தன சனம் நிக்கற எடத்துல இந்தச் சத்தத்தோட நீங்க போயி எறங்கோணுமுங்களா, நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க, எங்காதுலயே வுழுகுது, எனக்கு வருத்தமா இருக்குதுங்க, நடு டப்பாவத் திரும்ப வெச்சு உட்டர்றேன், பூனையாட்டம் போகும், திருநாள் முடிஞ்சு தம்பி கேட்டா மறுக்கா எடுத்துக்கலாம், என்றார், பட்டறை முழுதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, இல்லை, அந்தச் சத்தம்தான் எனக்கு வேண்டும், அது இல்லையென்றால் நாளை நான் வாய் திறக்க முடியாது, எனக்குச் செவி போய்விட்டது கமாலுதீன், இவ்வளவுதான் சொல்ல வேண்டியது, ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடலாம், என் கோயிலின் கண்ணியத்தை எண்ணி வருந்தும் அந்த நல்ல முகத்தைப் பார்த்தேன், உருத்திராக்கத்தைப் பிடித்துக்கொண்டேன், ஆமாம், அதுதான் சரி, வைத்துவிடுங்கள் என்றேன், அவர் முகம் மலர்ந்தது, எனக்குத் தெரியுமுங்க, உங்களுக்கும் அது புடிக்கலைன்னு, என்று சொல்லி எழுந்துபோனார், நான் காருக்கு அடியில் நீலத்தீ எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என் குரல்வளையை மூடி ஒட்டுவதுபோல் இருந்தது, நானே சரி என்றேன், நானே.

நினைவிலிருந்தே சுருதியை எடுத்துவிடலாம் என்று எண்ணினேன், இத்தனை காலம் எலும்பில் ஏறிய நாதம் ஒருநாள் தங்காதா என்று எண்ணினேன், விடியலில் கார் பூனைபோலவே போயிற்று, புதிய டயர்கள் பாதையின் ஒவ்வொரு பருக்கைக் கல்லையும் என் முதுகுக்குச் சொல்லின, சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர, மதிலோரம் நிறுத்தி அழுத்துகிறேன், விம்மல் இல்லை, மேலும் அழுத்துகிறேன், பஞ்சுக்குள் யாரோ பேசுவதுபோல் ஏதோ அசைகிறது, அமரவில்லை, அணைத்துவிட்டு இறங்குகிறேன், வழி விடுகிறார்கள், வாய்மேல் கை வைக்கிறார்கள், மூடிய என் வாய்க்குள் இன்று ஒன்றுமில்லை என்பது எவருக்கும் தெரியாது, வாசலில் சட்டநாதன் என்னைப் பார்க்கவில்லை, கூட்டம் மறைத்த தெப்பக்குளத்து முக்குப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார், குழுவினரும் அவ்வாறே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், யாரை எதிர்பார்க்கிறார்கள் என்று வியந்தபடி அவர்களைக் கடந்துபோனேன், என்னைக் கண்டதும் திடுக்கிட்டுப் பின்னால் ஓடிவந்தார்கள், சந்நிதியில் திரை விலகுகிறது, மலர்களுக்குள்ளிருந்து தூக்கிய திருவடி தெரிகிறது, குருக்கள் ஒற்றைத் தீபத்தை ஏந்துகிறார், பேரமைதி, எனக்கு எப்போதும் பேரமைதிதான், வாய் திறந்து முதலடியை எடுத்தேன், என் தொண்டை அதிர்வதை உணர்ந்தேன், எந்தச் சுரத்தில் என்பதை அறியேன், இரண்டாமடியில் குழுவினர் வாய்கள் திறந்தன, ஒருவர் வாய் போலன்று மற்றவர் வாய், ஒவ்வொருவரும் மற்றவரைத் திரும்பிப் பார்த்தார்கள், மூவர் நிறுத்திவிட்டார்கள், முன்வரிசையில் தந்தையின் தோளில் இருந்த ஒரு சிறுமி இரு காதுகளையும் பொத்திக்கொண்டாள், அவள் முகத்தில்தான் என் குரலை நான் கேட்டேன், நிறுத்தினேன், அத்தனை ஆயிரம் கண்கள், சுருதி, சுருதி என்று ஆண்களின் உதடுகள் சொல்வதைப் படித்தேன், பெண்கள் பக்கத்தில் மரகதம் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள், குருக்களின் உதடுகள், ஆகட்டும், தீபம் காத்துண்டிருக்கு, என்றன, கால்களுக்குக் கீழே கல்தரை விலகி என்னை விழுங்கிக்கொள்ளாதா என்று நின்றேன், தூணோரத்தில் பார்வை போனது, சுருதிப் பெட்டியின் சிறு சிவப்பு விளக்கு எரியவில்லை, பெட்டியின்மேல் தூசி படிந்திருந்தது, ஒருநாள் தூசி அன்று.

சட்டநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்து நின்றார், மரகதம் நிற்பதுபோலவே நின்று, அவள் பேசுவதுபோலவே மெதுவாகப் பேசினார், என்னய்யா, காரு வரலியா, நடந்தா வந்தீங்க, என்றார், விளங்காமல் பார்த்தேன், வந்தது, சத்தமில்லாமல் வந்தது என்றேன், அடக் கடவுளே, என்று தலையில் கை வைத்துக்கொண்டு குழுவினரைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னிடம், நாங்க அத்தன பேரும் கோபுரத்தடியில காதத் தீட்டிக்கிட்டு நிக்கிறோம், காரு முக்குல திரும்பி ஊங்குன்னு நின்னாத்தானய்யா எங்களுக்குச் சுருதி, அதக் கேட்டுத்தான நான் எந்த நாயனத்த எடுக்கிறதுன்னு பாக்கிறேன், சீவாளிய நனைக்கிறேன், இவங்களும் அதப் புடிச்சுக்கிட்டுத்தான உள்ள வர்றாங்க, பெட்டிய நிறுத்தி எத்தன மாசமாச்சு, நீங்க பெட்டியக் கேக்கிறதில்ல, காரக் கேக்குறீங்க, சரி, நாங்களும் காரையே கேட்டுக்கிறோம்னு விட்டுட்டோம், இன்னிக்கி நீங்க பாட்டுக்கு அத ஊமையாக்கிக் கொண்டாந்துட்டா நாங்க எங்கய்யா போறது, என்றார், அவர் கண்ணில் கேலியும் நீரும் சேர்ந்து இருந்தன, தெரியுமா என்றேன், குரல் எழாமல் உதடு மட்டும் அசைந்திருக்க வேண்டும், அவரும் என் உதட்டைப் படித்தார், தெரியாம என்ன, உங்க வீட்டு அம்மாதான் மொதல்ல சொன்னாங்க, அவரு வாயில சுருதிய வெச்சுக்கிட்டு வர்றாரு, யாரும் பேச்சுக் குடுத்துச் சிந்த வெச்சுராதீங்க, கேட்டா மௌன விரதம்னு சொல்லிருங்கன்னு, என்றார், மரகதத்தைப் பார்த்தேன், தலைப்பை வாயிலிருந்து எடுத்திருந்தாள், என்னைப் பார்த்தபடி மிக மெல்லத் தலையசைத்தாள், அந்த இளந்தாயும் அறிவாளோ, குழந்தையை என் காலடியில் கிடத்தியபோது எதை வணங்கினாள், நான் ஒளித்து வைத்ததை ஊரே கூடி ஒளித்து வைத்திருந்தது, யாரும் அறியாதவாறு நான் சுமந்து வந்த தீக்கங்கைச் சுற்றி அத்தனை பேரும் கை குவித்துக் காற்றை மறைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள், அறிவில்லாதவன் நான் கமாலுதீனிடம் சரி என்றேன், பிறர் சிரிப்புக்கு அஞ்சிச் சரி என்றேன், அவர்கள் சிரிக்கவே இல்லை, இதுகாறும் கூசியதெல்லாம் ஒரு கூச்சமே அன்று, இப்போதுதான் உடம்பு முழுதும் கூசியது.

நாயனத்தில ஒரு சுரம் ஊதிக் காட்டுங்களேன், என்று குழுவில் ஒருவர் கேட்டிருக்க வேண்டும், சட்டநாதன் மறுத்துத் தலையாட்டினார், முதற்பதிகத்துக்கு முன் வாத்தியம் ஒலிக்கக் கூடாது, அதை மீறுகிறவர் அல்லர் அவர், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார், சற்றே தயங்கினார், என் நியமம் அவருக்குத் தெரியும், நீராடியபின் எவரையும் தீண்டாதவன் நான், இத்தனை ஆண்டுகளில் திருநீற்றைக்கூட அவர் கையில் படாமல் மேலிருந்து இட்டவன், என்னையே பார்த்தபடி நின்றார், தொடவில்லை, தன் கழுத்தை மட்டும் சற்று நிமிர்த்திக்கொண்டு, வாயை மூடி, முனகத் தொடங்கினார், கழுத்து நரம்புகள் புடைத்து அசைவது தெரிந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, தீபம் அசைந்தது, தூக்கிய திருவடியின் நிழல் சுவரில் அசைந்தது, என் வலக்கையைப் பார்த்தேன், உள்ளங்கையில் நீறு, நகக்கண்களில் கழுவியும் போகாத கரி, கையை நீட்டினேன்.

உள்ளங்கையை அவர் மிடற்றின்மேல் வைத்திருக்கிறேன், வெதுவெதுப்பாக இருக்கிறது, மழிக்காத முடி குத்துகிறது, வெற்றிலை மணக்கும் மூச்சு என் மணிக்கட்டில் வந்து வந்து மோதுகிறது, வெயிலிலும் ஊதி ஊதிப் புடைத்ததிலும் கறுத்துப்போன கழுத்து, அந்தக் கருமையில் என் கையிலிருந்த நீறு வெள்ளையாய் அப்பிக்கொள்கிறது, கறைமிடறு என்னும் சொல் அழையாமலே வந்து நிற்கிறது, கூசுகிறேன், கூசிய கை விலகவில்லை, அந்த ஓரிடம் அங்கே இருக்கிறது, தோலுக்கு அடியில், விம்மி, நின்று, முழங்கை வழியே ஏறித் தோளைக் கடந்து என் நெஞ்சுக்குழிக்குள் இறங்குகிறது, குழுவினர் ஒவ்வொருவராய் என் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வருவதை அவர்கள் மூச்சின் சூட்டால் அறிகிறேன், யாருடைய உள்ளங்கையோ என் தோளில் படிகிறது, அதுவும் அதிர்கிறது, இன்னொன்று படிகிறது, சட்டநாதன் முனகியபடியே கண்ணால் கருவறையைக் காட்டுகிறார், கண்ணீர் உதட்டில் உப்பாய்க் கரிக்க, கையை எடுக்காமல், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு, வாய் திறக்கிறேன்.